வேதாகமத்துக்குள் இருந்த அடையாள அட்டை

சண்டை தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். மாலை ஜெபத்தில் எல்லோருடைய அடையாள அட்டைகளையும் வேதாகமத்துக்குள் வைத்து, மறுநாள் பயணத்துக்காக வேண்டிக்கொள்வோம். காலையில் அவரவர் அட்டையை எடுத்துக்கொண்டு புறப்படுவோம்.

போன மாதம் ஒருநாள் அவசரத்தில் என் அட்டையை எடுக்க மறந்து, எங்கள் ஊரான அன்புவழிபுரத்திலிருந்து வேலைக்குப் புறப்பட்டுவிட்டேன். துறைமுகத்துக்குப் போகும் வீதியில், சோதனைச் சாவடியில் பையைக் கொட்டித் தேடியபோதுதான் நினைவு வந்தது. இராணுவத்தினர் என்னைத் தனியே வெயிலில் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தப்பட்டவர்கள் எல்லோரும் வீடு திரும்பியதில்லை. ஆனாலும் அவர்கள் முன்னால் நான் அழவில்லை. வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே நின்றேன்.

கூட வந்த தோழி திரும்பி ஓடிப்போய்ச் சொல்ல, கணவர் சைக்கிளில் வந்தார். பதற்றத்தில் வேதாகமத்தையே தூக்கிக்கொண்டு வந்திருந்தார். விரித்து அட்டையை நீட்டினார். விட்டுவிட்டார்கள்.

இப்போது வேதாகமத்தை அலுமாரியில் வைப்பதில்லை. என் கைப்பையின் மேல் வைக்கிறேன். அதைத் தூக்காமல் பையை எடுக்க முடியாது.

பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "இவ்வளவு பட்டும் அதுக்குள்ளதான் வைக்கிறீங்களோ?"

"ஓம் அக்கா, அதுக்குள்ளதான். மறந்தது நான். ஆண்டவரில்லை."