கனிமொழி இறக்கிய கோடு

என் தங்கை கனிமொழி அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, புள்ளியியலில் எம்.எஸ்சி. வாங்கினாள். இங்கிலீஷ் போதாது என்று மூன்று இடங்களில் திருப்பி அனுப்பிய பிறகும், அம்பத்தூரில் மருந்துச் சோதனைகளுக்குக் கணக்குப் போடும் கம்பெனியில் வேலை வாங்கினாள். எங்கள் அப்பா வீராசாமியிடம் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்தாள். மூன்றில் அதுதான் கஷ்டமானது.

நெமிலிச்சேரி வீட்டுக்கு போர் போட்டபோது நடந்தது அது. முந்நூறு அடியில் ஈரமண் வராவிட்டால் நிறுத்துவது என்று முன்பே பேசியிருந்தோம். முந்நூறிலும் வெறும் தூசுதான் பறந்தது. அப்பா வண்டிக்காரரிடம், "இன்னும் பத்தே அடி நைனா, தண்ணி வாசம் அட்ச்சிகினு கீது" என்றார். கனிமொழி நிறுத்தச் சொல்லிவிட்டாள். பின்பக்கம் போட்டதில் தண்ணீர் வந்தது. அந்தப் பத்தடியை அப்பா இன்னும் விடவில்லை.

மருந்துச் சோதனையிலும் நடுநடுவே முடிவுகளைப் பார்ப்பார்கள். பலன் ஒரு கோட்டுக்குக் கீழே இருந்தால், இனி நடத்திப் பயனில்லை என்று நிறுத்திவிடலாம். அந்தக் கோட்டை, முடிவுகளைப் பார்ப்பதற்கு முன்பே போட்டாக வேண்டும். பார்த்த பிறகு நகர்த்தினால் அது அப்பா கேட்ட பத்தடிதான்.

டயாலிசிஸ் நோயாளிகளைப் பாடாய்ப்படுத்தும் அரிப்புக்கு ஒரு மாத்திரை. அதற்குக் கனிமொழி போட்ட கோட்டில் அவள் மேலதிகாரி ஜெகதீஷ் கையெழுத்தும் போட்டாயிற்று. பிறகுதான் கவனித்தாள், மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை. மருந்து நல்லது என்றே வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான போலிச் சோதனைகளை ஓட்டினாள். ஐந்தில் ஒன்று முதல் பார்வையிலேயே நின்றுபோனது. நல்ல மருந்து வீணாகப் போய்விடும். கோட்டை இறக்க வேண்டும், முடிவுகளைப் பிரித்துப் பார்க்கவோ ஒரு வாரம்கூட இல்லை.

மொட்டைமாடியில் நான் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஜெகதீஷுக்கு போன் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"கையெழுத்து போட்டது நான், கனி. இப்ப மாத்தினா என்னைத்தான் கேப்பாங்க."

"தப்பு என்னோடது சார். மாத்தறது என் பேர்லயே இருக்கட்டும். கேக்கறவங்க என்னைக் கேக்கட்டும்."

"அப்ப நாளைக்கு நல்ல பேனாவா எடுத்துட்டு வா" என்றார்.

அவள் போனை வைத்ததும், வேலை போய்விட்டால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எனக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டை செக்கிங் வேலை.

"உங்கூட வந்து பட்டன் பாக்கறேன்க்கா."

"வேணாம்டி. நீ ஒரே சட்டையை ஆயிரம் தடவை பாப்ப. லாரி கெளம்பாது."

வேலை போகவில்லை. முதல் பார்வை முடிந்ததும், முடிவுகளைப் பிரித்த மேற்பார்வைக் குழு 'தொடரலாம்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பியது. பலன் எந்த இடத்தில் இருந்தது என்று சோதனை முடியும்வரை அவளுக்கே சொல்லமாட்டார்களாம். அப்பா, பழைய கோட்டிலேயே மருந்து தப்பித்திருக்கும் என்கிறார். நான் இல்லை என்கிறேன்.

அவள் போட்ட கணக்குகளுக்குக் கீழே அதுவரை வேறு யார் பெயராவதுதான் இருக்கும். திருத்திய கோட்டின் கீழே 'வீ. கனிமொழி' என்று அவள் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட நாள், 22 ஜூன் 2023, வியாழக்கிழமை.