கனகு அண்ணன் மைக்கில் போட்ட மூன்று வரி

கனகு அண்ணன் போய்விட்டார். நெஞ்சு வலிக்குது என்று பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனவர்... இன்று விடியற்காலை முடிந்துவிட்டது.

நமுனுகுல பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கோயில் மைக் இத்தனை வருஷமும் அவர் கையில்தான்.

எழுதி வைத்துக்கொள்ளாமல் ஒரு வார்த்தை பேச மாட்டார். எழுதியதும் அவருக்கே லேசில் பிடிக்காது. அடிப்பார், கிழிப்பார், மறுபடியும் "பேரன்புமிக்க பக்த கோடிகளே" என்று ஆரம்பிப்பார். ஒரு திருவிழாவில் அன்னதானத்துக்கு அழைக்க அவர் அறிவித்தல் எழுதி முடிப்பதற்குள் சோறே தீர்ந்துவிட்டது!

"பந்தி முடிஞ்சிருச்சு, நன்றி மட்டும் சொல்லுங்கண்ணே" என்று கலாய்த்தது நான்தான்.

அப்புறம் ஒரு வருஷம் அந்த மழை...

தொழிலாளர் வரிசை வீடுகளில் மேலே இருக்கும் மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு என்று சாயங்காலம் போன் வந்தது. நானும் அண்ணனும் கோயிலில். என் மனைவியும் மகளும் மேல் லயத்து வீட்டில்.

அண்ணன் மைக்கை எடுக்கவில்லை. பேனாவை எடுத்தார்.

"இப்பவுமா எழுதுறீங்க? ஓடச் சொல்லுங்கண்ணே!" கத்திவிட்டேன்.

"மண்ணு சரியுதுன்னு மொதல்ல சொன்னா எல்லாரும் குறுக்குப் பாதையிலதான்டா எறங்குவாங்க. மண்ணு வந்தா அந்தப் பக்கம்தான் வரும். கொஞ்சம் பொறு."

எனக்கு உயிரே இல்லை. அண்ணன் எழுதியது மூன்றே வரி, கோழிக் கிறுக்கலாக. திரும்பப் படித்துக்கூடப் பார்க்கவில்லை, மைக்கைப் போட்டுவிட்டார்.

"மேல் லயத்து ஆளுங்க எல்லாரும் ரோட்டு வழியா ஸ்கூலுக்கு வாங்க. குறுக்குப் பாதையில யாரும் எறங்காதீங்க. மலையில வெடிப்பு வந்திருக்கு, சாமான் எதையும் எடுக்காம புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு ஒடனே கெளம்புங்க."

அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். தொண்டை கட்டியும் நிறுத்தவில்லை.

நான் ஸ்கூல் கேட்டில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். யார் யாரோ வந்தார்கள். என் ஆட்கள் இல்லை... கடைசியாக வந்த கூட்டத்தில், மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மனைவி. நனைந்து, செருப்பில்லாமல். அவள் வந்து கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தம். மேல் லயத்தில் பாதியும் குறுக்குப் பாதையும் மண்ணுக்குள் போய்விட்டன.

அண்ணன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "அவசரத்துல ஒரு வணக்கம்கூடப் போடலடா" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு அந்தக் குறை.

இன்று மகள் யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்பியபோதுதான் செய்தி வந்தது. பையை இறக்கி வைத்துவிட்டு வாசலிலேயே நிற்கிறாள்.

"பெரியப்பாவப் பார்க்கப் போவோம்ப்பா."

வந்துக்கிட்டு இருக்கோம்ணே...