மகள் தலையில் பச்சை வெளிச்சம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. கோடை விடுமுறையில் ஒரு நாள் எண்ணெய் வைத்துத் தலை சீவும்போது, உச்சிக்குக் கொஞ்சம் பின்னால் சீப்பு வழுக்கிக்கொண்டு போனது. விலக்கிப் பார்த்தேன். வட்டமாக ஓர் இடத்தில் முடி இல்லை. அடியோடு ஒடிந்த முனைகள் மட்டும் நின்றன. தோல் சாம்பல் பூத்தாற்போல் செதில் செதிலாக இருந்தது.

நாங்கள் திண்டிவனத்தில் இருக்கிறோம். எதிர்வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "புழுவெட்டும்மா இது. சின்ன வெங்காயத்த அரைச்சுத் தேய்ச்சினு வா, மொளைச்சிடும்" என்றார். தேய்த்தேன். எரிகிறது என்று மகள் அழுததுதான் மிச்சம். வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. கழுத்தோரம் சிவப்பாக ஒரு வளையமும் வந்தது. மருந்துக்கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டோம். அரிப்பு உடனே அடங்கியது. போடுவதை நிறுத்தியதும் வளையம் முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. அதற்குமேல் வீட்டு வைத்தியம் வேண்டாம் என்று அவளை விழுப்புரத்துக்கு ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா தலையைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு, "வீட்ல பூனை, நாய் ஏதாவது வளர்க்கறீங்களா?" என்று கேட்டார்.

மகள் முந்திக்கொண்டாள். "பூனைக்குட்டி இருக்கு. அப்பா மண்டியிலருந்து எடுத்தாந்தாரு. என்கூடதான் தூங்கும்."

என் கணவர் மல்லாட்டை மண்டியில், நிலக்கடலை மொத்த வியாபாரக் கடையில், வேலை செய்கிறார். அங்கே எலிக்காகப் பூனைகள் உண்டு. குட்டியின் காதோரம் முடி கொட்டியிருந்ததை நானும் பார்த்திருந்தேன். ஏதோ கடி என்று நினைத்திருந்தேன்.

டாக்டர் சன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்தார். கைக்கு அடக்கமான ஓர் ஊதா விளக்கை மகளின் தலைக்கு மேலே பிடித்தார். அந்த வட்டத்தைச் சுற்றியிருந்த முடிகள் அத்தனையும் பச்சையாக ஒளிர்ந்தன. நாற்று முளைவிடும்போது இருக்குமே, அந்த இளம்பச்சை. தினமும் நான் தடவும் தலை. அதில் இப்படி ஒன்று இத்தனை நாள் இருந்திருக்கிறது, கண்ணுக்கே தெரியாமல்.

"எரியுதாம்மா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல பாப்பா. மின்னுது" என்றேன்.

ஒளிர்ந்த முடிகளில் சிலவற்றை டாக்டர் பிடுங்கி, கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு சொட்டு மருந்து விட்டார். சற்று நேரம் கழித்து நுண்ணோக்கியில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஒற்றை முடி மரத்தண்டு போலத் தடித்துத் தெரிந்தது. அதைச் சுற்றிலும், கேப்பையைக் கொட்டி ஒட்டவைத்தாற்போல், குட்டிக் குட்டி உருண்டைகள்.

"புழுவும் இல்ல, பூச்சியும் இல்ல. இது பூஞ்சை. ஊறுகாய்ல பூக்குமே, அந்த வகை. படர்தாமரைன்னு சொல்றோமே, அதேதான். தலையில வந்தா முடிக்குள்ளயே போயிடும், களிம்பு அங்க எட்டாது. மாத்திரைதான் குடுக்கணும். பாலோட, இல்ல மல்லாட்டை மாதிரி கொழுப்பு உள்ளதோட குடுத்தா உடம்புல நல்லா ஏறும். பார்க்கறதுக்கு ஆறின மாதிரி இருந்தாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க" என்றார்.

சீப்பு, துண்டு, தலையணை உறை எல்லாம் அவளுக்குத் தனி. வெந்நீரில் அலசி வெயிலில் காயவைக்க வேண்டும். குளித்ததும் கழுத்து, அக்குளெல்லாம் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். கடைக் களிம்பைத் தொடவே கூடாது; அது அரிப்பை மட்டும் அடக்கிவிட்டுப் பூஞ்சையைப் பரவ விடுமாம். வேறொரு களிம்பைக் கழுத்துக்குக் கொடுத்தார்.

மாலையில் விவரம் கேட்ட என் கணவர், "அப்ப பூனையத் திரும்ப மண்டியிலயே வுட்டுட்டு வந்துர்றேன்" என்றார்.

மகள் அவரைப் பார்த்தாள். "அதுக்கும் அரிக்கும் இல்லப்பா? அதுக்கு யாரு மாத்திரை குடுப்பாங்க?"

மறுநாள் காலையில் அவர் குட்டியை ஓர் அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு, தானே கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்பினார். அதற்கும் மருந்து கிடைத்தது. சரியாகும்வரை அதற்குப் பின்கட்டில் சாக்குப் படுக்கை. மகள் தூரத்தில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருப்பாள். அரிப்பு தாங்காமல் நெளியும் பிள்ளைக்கு, இன்னொரு உயிரின் அரிப்பு எப்படித் தோன்றியது என்று நான் வியக்காத நாளில்லை.

பள்ளி திறந்ததும் டீச்சரிடம் சொன்னேன். "சொன்னது நல்லதுங்க. மத்த பசங்களையும் பார்த்துடறேன்" என்றவர், அவளை ஒதுக்காமல் எப்போதும்போல முன்வரிசையிலேயே உட்காரவைத்தார். சீப்பையும் ரிப்பனையும் மாற்றிக்கொள்ளக் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாராம்.

மறுபரிசோதனையில் டாக்டர் விளக்கைப் பிடித்தபோது தலை இருட்டாகவே இருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் குடுங்க" என்றார். கொடுத்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை துவட்டும்போது வெறும் வட்டமாக இருந்த இடத்தில் என் விரலில் ஏதோ உரசியது. பூமுடி. பிறந்த குழந்தைக்கு இருப்பது போல அத்தனை மென்மை. மருந்து பூஞ்சையைத்தான் கொன்றது. முடியை வளர்த்தது அந்தத் தலைதான். இத்தனை நாள் வேரைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருந்திருக்கிறது.

கணவரைக் கூப்பிட்டேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வந்துடுச்சே" என்றார், மெதுவாக.