எண்பது கிலோவும் ஓர் ஊக்கும்

ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு ஹெலிகாப்டர் ஏறும் முன் பெட்டியைத் தனியாகவும் ஆளைத் தனியாகவும் நிறுப்பார்கள். எடை குறைக்க ஆறு மாதமாகத் தினமும் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தேன். எழுபது கிலோவுக்கு வரும்வரை பழைய உடுப்பைப் பிடித்துத் தைப்பதில்லை என்று வீம்பு. தொளதொளத்த பேன்ட்டை ஊக்குக் குத்தித்தான் இடுப்பில் நிறுத்தியிருந்தேன்.

தராசில் ஏறினேன்.

"அஸ்ஸி கிலோ!" என்று ஊழியர் இந்தியில் கத்தினார்.

எண்பது. ஆறு மாதத்துக்கு முன்பும் அதே எண்பதுதான். வரிசையில் யாரோ சிரித்தார்கள். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இறங்கக் காலெடுத்தபோது ஊக்குத் தெறித்து, பேன்ட் நழுவியது. சட்டென்று பிடித்தேன். கைக்குள் நாலு விரல் அகலத்துக்குத் துணி மிச்சம் இருந்தது. இதைப் பார்க்காமல் இத்தனை நாள் தராசு முள்ளையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன்!

"சாரி மேடம், சத்தமாச் சொல்லிட்டேன்," என்றார் ஊழியர், தமிழில்.

"நல்லாச் சத்தமாவே சொல்லுங்கண்ணே. அது உங்க ஹெலிகாப்டருக்கு வேண்டிய கணக்கு. என் கணக்கு இந்தா, என் கையில இருக்கு."

போர்ட் பிளேரில் இறங்கியதும் நேராகத் தையற்கடைக்குப் போனேன்.

"உள்ள துணி விட்டுத் தைக்கவா? திரும்பக் குண்டானா பிரிச்சுக்கலாம்," என்றார் டெய்லர்.

"வெட்டிடுங்க."

வெட்டிய துண்டைக் கேட்டு வாங்கி வந்தேன். எத்தனை கிலோ குறைந்தாய் என்று கேட்பவர்களிடம் இப்போது அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.