நிண்டுட்ச்சி

சித்தூர் மாம்பழக் கூழ் ஃபேக்டரிக்கு நான் எழுதிய கண்ட்ரோல் புரோகிராமைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. பம்புக்கு ஒரு பிளாக், வால்வுக்கு ஒரு பிளாக், டேங்குக்கு ஒரு பிளாக் என்று தனித்தனியாக எழுதிக் கோர்த்திருந்தேன். இடம் இருக்கிறதா என்று டேங்கு பிளாக்கைக் கேட்காமல் பம்பு பிளாக் ஓடாது. ஃபேக்டரியில் பிளாக்குகளையும் மெஷின் பெயராலேயே சொல்வார்கள். "டேங்கு நின்னுட்ச்சி" என்றால் அந்த பிளாக் மக்கர் பண்ணுகிறது என்று அர்த்தம்.

இந்த சீசனில் ஒரு மத்தியானம், திருப்பதி பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நிற்கும்போது ஆப்பரேட்டர் போன் செய்தார். கார்வேட்டிநகரத்துக்காரர், என்னைவிட மூத்தவர். என்னைப் போலவே வீட்டில் தமிழ், வெளியில் தெலுங்கு, அவசரத்தில் இரண்டும்.

"மேடம், டேங்கு நிண்டுட்ச்சி. பம்பு ஓட மாட்டேங்குது."

"மேனுவல்ல போட்டு ஓட்டுண்ணா."

"ஓட்டலாமா மேடம்?"

"எழுதுனவ நான். எனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். என் பஸ் வேறு கிளம்பிக்கொண்டிருந்தது.

அவர் சொன்னது, நான் நினைத்துக்கொண்ட நின்னுட்ச்சி இல்லை; நிண்டுட்ச்சி. தெலுங்கில் நிண்டிந்தி என்றால் நிரம்பிவிட்டது. அதற்குத் தமிழ் வால் ஒட்டிச் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் குடம் அப்படித்தான் நிண்டும். எனக்குத்தான் காதில் ஏறவில்லை. மேனுவலில் போட்டால் பம்பு யாரையும் கேட்காது; அப்படி எழுதியதும் நான்தான். சூடுபண்ணி வைத்திருந்த கூழ் பொங்கி அவர் வலது கையில் கொட்டியது.

மேனேஜர் போனில், "உங்க புரோகிராம் கரெக்ட்டா நிறுத்தியிருக்குதும்மா. இவராத்தான் மேனுவல்ல போட்டுக்கினாரு. இனிமே வேலைக்கு வராதன்னு சொல்லிட்டேன்" என்றார். நேரில் வந்து பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கை முழுக்கக் கட்டு. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். எனக்குக் கூசிப்போயிற்று.

"என் தப்புதான் மேடம். நெறைஞ்சிட்ச்சின்னு சொல்லியிருக்கணும். வாயில தெலுங்கு வந்துட்ச்சி."

"இல்லண்ணா, ஓட்டச் சொன்னது நான். மேனேஜர்கிட்ட சொல்லிடறேன்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். "மெதுவா பேசுங்க மேடம். யார் காதுலயாவது வுழுந்தா உங்க வேல பூடும்."

நான் குரலைத் தாழ்த்திக்கொண்டேன். வெளியே வந்தவள் ஃபேக்டரிக்குப் போகவில்லை, வீட்டுக்குத் திரும்பத் திருப்பதி பஸ்ஸில் ஏறினேன். சீசன் இன்னும் முடியவில்லை. அவருடைய இடத்தில் வேறு ஆள் நிற்கிறார். மேனேஜரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை.