ரிசப்ஷனில் சுண்ணாம்புக்கல்

ஒரு வாரமாகப்போகிறது. இன்னும் கோபம் ஆறவில்லை. அதனால் இந்தப் பத்தி கொஞ்சம் சூடாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு அரியலூரில் ஒரு ரிசப்ஷன். என் நண்பர் ராஜேந்திரனின் மகன் பிரபுதான் மாப்பிள்ளை. பெண் ஸ்டெல்லா, வரதராஜன்பேட்டைக்காரி, பள்ளிக்கூட டீச்சர். காதல் திருமணம். மேடையேறி வாழ்த்தியாயிற்று. சாப்பிட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் பெரம்பலூர் திரும்புவதாகத் திட்டம்.

பந்தியில் ரசத்துக்குக் காத்திருந்தபோதுதான் அந்த கிடார் கேட்டது.

என்ன மாதிரி கிடார் தெரியுமா? கம்ப்யூட்டரில் இழைத்து வழவழப்பாக்கிய சத்தம் இல்லை. கரகரவென்று நெஞ்சில் வந்து இடிக்கிற ஹார்ட் ராக்! திருச்சி ஹாஸ்டலில் கேசட் தேயத் தேய நான் கேட்ட சத்தம். யாரோ என் வயசுக்காரர் பழைய ரெக்கார்டைப் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். ஆனால்... பாட்டு தமிழில் வருகிறதே?

'தார்ப்பாயப் போடு... தார்ப்பாயப் போடு...'

புழுதி பறக்க, மூடாமல் போகிற கல் லாரிகளைப் பார்த்துக் கத்துகிற பாட்டு. அரியலூர் ரோட்டில் டூவீலர் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை புரியும். ரசமாவது மோராவது... கையைக் கழுவிவிட்டு ஹாலுக்கு ஓடினேன்.

ஓரத்தில் ஒரு சின்ன மேடை. இரண்டு பேர் கிடாரோடு, ஒருவன் மைக்கோடு. டிரம் செட் இருக்கிறது, அடிக்க ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் பாடியவனைப் பிடித்தேன். பெயர் ஆன்டோ.

"பேண்டுக்கு என்னப்பா பேரு?"

"சுண்ணாம்புக்கல் சார். ராக்குன்னா கல்லுதானே? நம்ம ஊர்ல வேற என்ன கல்லு இருக்கு?"

"டிரம்மர் எங்க?"

சிரித்துக்கொண்டே பெரிய மேடையைக் காட்டினான். "அதோ... மாலையோட நிக்கிது பாருங்க."

மணப்பெண்!

சொல்லி வாய் மூடவில்லை... ஸ்டெல்லா மாலையைக் கழற்றிப் பிரபுவிடம் கொடுத்தாள். பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கி வந்தாள். குச்சிகளை எடுத்தாள். மறுபடி 'தார்ப்பாயப் போடு'. அதுவரை நொண்டிக்கொண்டிருந்த பாட்டு எழுந்து ஓட ஆரம்பித்தது.

பாதிப் பாட்டில் மைக் செத்தது. கிடார் செத்தது. பார்த்தால், பிரபுவின் பெரியப்பா ஒயரைப் பிடுங்கிக் கையில் வைத்திருக்கிறார்.

"கல்யாணப் பொண்ணு மோளம் அடிக்கிறதா? நாலு பேரு வந்திருக்குற எடத்துல அசிங்கமா இல்ல?"

எது அசிங்கம்? நான் சாப்பிடப் போவதற்கு முன்னால் இதே ஹாலில் டிஜே ஒரு பாட்டு போட்டார். அதன் வரிகளை இங்கே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். அதற்கு இதே பெரியப்பாதான் கர்ச்சீப்பைச் சுழற்றி ஆடினார்!

'மோளம்' என்று அவர் சொன்ன விதம் வேறு... டிரம்ஸ் என்று சொல்லத் தெரியாமல் சொன்னதில்லை அது. பெண் எந்தத் தெருக்காரி என்று ஊருக்குக் குத்திக்காட்டுகிற சொல். எனக்குக் காதெல்லாம் கொதித்தது.

"ஏங்க, மொதல்ல அந்த ஒயர மாட்டுங்க!"

"நீங்க சாப்ட்டீங்கள்ல? கெளம்புங்க சார்."

ராஜேந்திரனைப் பார்த்தேன். அண்ணன் முன்னால் வாய் திறக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மேல் வந்த கோபம் தனி.

ஸ்டெல்லா எழுந்திருக்கவில்லை.

"மோளந்தான் மாமா. எங்கப்பா சாவு வூட்லயும் அடிச்சாரு, மாதா கோயில் தேருக்கும் அடிச்சாரு. அதுலதான் நான் பி.எட். படிச்சேன். இதுல என்ன அசிங்கம்?"

குரலை உயர்த்தக்கூட இல்லை. ஆன்டோவைப் பார்த்தாள். "நீ பாடுறா. டிரம்முக்குக் கரண்டா வேணும்?"

அடித்தாள் பாருங்கள்! கண்ணாடி வளையல் உடைந்து தெறித்தது. ஆன்டோ மைக் இல்லாமல் தொண்டை கிழியப் பாடினான். முன்வரிசைப் பெண்கள் கைதட்ட ஆரம்பித்தார்கள். பிறகு ஹாலே 'தார்ப்பாயப் போடு' என்று கத்தியது.

திடீரென்று கிடார் மறுபடி அலறியது. ப்ளக் பாயிண்ட் பக்கத்தில் பிரபு! தன் மாலை, ஸ்டெல்லாவின் மாலை இரண்டையும் கழுத்தில் போட்டுக்கொண்டு நிற்கிறான். பெரியப்பா கையிலிருந்த ஒயரை எப்போது வாங்கினான், எப்படி வாங்கினான்... நான் பார்க்கவில்லை. பெரியப்பா ஓர் அடி முன்னால் வைத்தார்.

"வேணாம் பெரியப்பா."

அவ்வளவுதான் சொன்னான். அவர் விருட்டென்று வெளியே போய்விட்டார்.

'இப்பல்லாம் எங்க சார் நல்ல மியூசிக் வருது?' என்று என் வயசுக்காரர்கள் சந்திக்கும்போதெல்லாம் அலுத்துக்கொள்கிறோம். வருகிறதய்யா! வரதராஜன்பேட்டையிலிருந்தே வருகிறது. ஒயரைப் பிடுங்குவது யார்?

நான் பஸ்ஸை விட்டுவிட்டேன். கடைசிப் பாட்டு வரை இருந்தேன். கிளம்பும்போது ஸ்டெல்லாவிடம் போய், "பிரமாதம்மா! அப்படியே எங்க காலத்து ஹார்ட் ராக்" என்றேன். பெரிய பாராட்டைச் சொல்லிவிட்டதாக நினைப்பு.

முந்தானையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உங்க காலத்துல இந்த ஊர்ல எந்தப் பொண்ணு சார் டிரம்ஸ் அடிச்சா?"

யாருமில்லை. விட்டிருப்போமா நாம்?