ஒரு வாய் களைக்கொல்லி

எங்க ஒரகடம் கம்பெனிக்கு ஆடிட் வருது. முள்கம்பி வேலிக்கு அடியில ஒரு புல்லு இருக்கக் கூடாதுன்னு மேனேஜர் ஆர்டர். காலையில களைக்கொல்லி அடிச்சிகினு இருந்தேன்.

வேலிக்கு அந்தாண்ட ஊர்க்கார அக்கா ஒருத்தங்க மாட்டுக்குப் புல்லு அறுத்துகினு இருந்தாங்க.

"இன்னா மருந்து இது? மாடு துன்னா செத்துடாது?"

"ஒண்ணும் ஆவாதுக்கா"ன்னேன், வாய் கூசாம.

கம்பி நடுவுல கை வுட்டு என் சட்டையப் புடிச்சு இழுத்தாங்க. முள்ளு கன்னத்தைக் கிழிச்சிடுச்சு. கழுத்தாண்ட அறுவா.

"ஒண்ணும் ஆவாதுன்னா நீ ஒரு வாய் குடிடா, பாக்கறேன்!"

நான் வாயைத் தொறக்கல. துப்பிட்டு வுட்டாங்க.

ஆஸ்பத்திரியில கன்னத்துக்கு மூணு தையல் போட்டுகினு இருக்கும்போது மேனேஜர் போன். "மீதியை எப்பய்யா அடிப்ப?"

"நீங்க ஒரு வாய் குடிச்சுக் காட்டுங்க சார், உடனே அடிக்கறேன்."

கட் பண்ணிட்டாரு. வேற கம்பெனியில ஆள் எடுக்கறாங்களா மக்களே?